மண் ஆறட்டும்

மண்ணுக்கும் அலுப்பு வரும் என்று சொன்னால் சிரிப்பார்கள். நாற்பது வருடம் ஆரஞ்சு நின்ற இடத்தில் உடனே ஆரஞ்சுக் கன்றையே வைத்துப் பாருங்கள் சார், மூன்றாவது வருடம் மஞ்சளித்து நின்றுவிடும். பழைய வேரைத் துண்டு விடாமல் பொறுக்க வேண்டும். தழையுரத்துக்குச் சணப்பை விதைத்து, அது பூக்கிற சமயத்தில் மடக்கி உழ வேண்டும். இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை உண்டு. என் தம்பிதான் எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி நிற்பான்.

அப்பா போன பிறகு அந்த வீட்டில் நான் ஒருவன்தான். பேச ஆளில்லாமல் பம்ப்செட்டோடு பேசியிருக்கிறேன், அதுவாவது பதிலுக்கு முணுமுணுக்கும். வேர் பறிக்க ஒரு வாரம் வருகிறேன் என்று தம்பி சொன்னதும் வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தேன். அவன் வந்த அன்றைக்கே, திரும்பிப் போகும் பஸ்ஸின் நேரத்தைச் சொல்லிவிட்டான். சாப்பிடும்போதும் கண் போனில்தான். நான் ஏதாவது ஆரம்பித்தால் 'ம்' கொட்டுவான்.

கடைசி நாள், கடைசி மரத்தின் குழி. வேர் இளகட்டும் என்று முந்தின நாள் தண்ணீர் விட்டிருந்தேன். ஈர மண்ணில் கரையைச் சரிவாக வெட்ட வேண்டும். அவனுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நெட்டுக்குத்தாக வெட்டிக்கொண்டு ஆள் உயரத்துக்கு இறங்கிவிட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. கரை சரிந்து அவனை நெஞ்சு வரை மூடியது.

"அண்ணே, தோண்டி விடுண்ணே," என்றான்.

மண்வெட்டி என் கையில்தான் இருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்தேன். அவன் அண்ணாந்து என் முகத்தையே பார்த்தான். அப்படி அவன் என்னைப் பார்த்து எத்தனையோ வருடம் ஆயிற்று. அப்பாவின் கடைசி மாதம் எப்படிப் போனது என்று சொன்னேன், அவன் ஒரு முறைகூடக் கேட்காத கதை. தாகம் என்றான், செம்பில் தண்ணீர் கொடுத்தேன். எனக்கு மனசு நிறைந்திருந்தது, அதை மறைத்து இனி என்ன ஆகப்போகிறது. மத்தியானத்துக்கு மேல் அவனிடமிருந்து 'ம்' கூட வரவில்லை. குழியை மூடி மட்டப்படுத்தினேன். கேட்டவர்களிடம் பஸ் ஏறிவிட்டான் என்றேன். அவன் போகிறவன் என்று எல்லாருக்கும் தெரியும், நம்பினார்கள்.

இப்போது என் கட்டிலுக்கு அடியில் அவன் பையைப் பார்த்துவிட்டீர்கள். கடைசி வரிசை, கிழக்கு மூலை. மற்ற இடத்தைக் கிளறாதீர்கள் சார், மண் இப்போதுதான் ஆறியிருக்கிறது.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. "இங்கேயே இருந்துடறேண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே தூக்கிவிட்டிருப்பேன். சொன்னான், நாலு தடவை சொன்னான். ஆனால் மனசாரச் சொல்லவில்லை. கூடப் பிறந்தவனுக்கு அதுகூடவா தெரியாது?