சேறு ஒட்டிய மூக்கு

பறவை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. ஆசைப்படுவார்கள், அவ்வளவுதான். தூத்துக்குடிக் கரையிலிருந்து வரும் தகவல்களில் எதை ஏற்கலாம், எதைத் தள்ளலாம் என்று முப்பது வருடமாகப் பறவையாளர் சங்கத்துக்கு எழுதி அனுப்பியவன் நான். 1969 மார்கழியில் முயல் தீவுக்கருகே ஆதிநாதனாகிய நான் பார்த்ததாக அச்சாகியிருக்கும் கரண்டிமூக்கு உள்ளான் என்ற அபூர்வக் கரைப்பறவையை நம்பலாமா என்று, பழைய பதிவுகளைச் சரிபார்க்கும் நீங்கள் இப்போது என்னிடமே கேட்டு எழுதியிருக்கிறீர்கள். பறவை உண்மைதான். அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம்.

முதலில் பார்த்தவர் சிலுவை. கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியை நடத்துகிற தண்டல். வித்தியாசமாக ஏதாவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள் என்று துறைமுகத்தில் நான்தான் சொல்லி வைத்திருந்தேன். ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கும் என் வீட்டைத் தேடி பஸ் ஏறி வந்தார்.

"சின்ன உள்ளான் சார். மூக்கு நுனி மட்டும் கரண்டி மாதிரி தட்டையா இருக்கு. தலைய இங்கிட்டும் அங்கிட்டும் ஆட்டித் தண்ணிய அரிக்கி."

கால் என்ன நிறம் என்று கேட்டேன்.

"பாக்கல சார். தண்ணிக்குள்ளல்லா நின்னுச்சி."

பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்கிற சாட்சியை நம்ப வேண்டும் என்று கல்லூரியில் நானே பாடம் நடத்தியிருக்கிறேன். இருந்தும், 'கால் நிறம்கூடச் சொல்லத் தெரியவில்லை. சாதாரண உள்ளானின் மூக்கில் சேறு ஒட்டியிருக்கும்' என்று சங்கத்துக்கு எழுதி, அவர் தகவலைத் தள்ளிவிட்டேன். பதினோரு வருடமாக அந்தப் பறவையைத் தேடிக்கொண்டிருந்தேன். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, உப்பள வரப்பெல்லாம் நடந்து கால் வெடித்தவன். அவரோ காற்றில்லாமல் தோணி சும்மா கிடந்த ஒரு நாள், சின்னப் படகில் உட்கார்ந்து வேப்பங்குச்சியால் பல் விளக்கியபடி பார்த்திருக்கிறார். எனக்கு வயிறு எரிந்தது.

விஷயம் துறைமுகம் முழுக்கப் பரவியது. டீக்கடையில் சொன்னதும் நான்தான் என்பதை எழுதிவிடுகிறேன். சேற்றைப் பறவை என்கிறவன் நாளைக்குப் பாறையைத் தண்ணீர் என்பான் என்று ஆட்கள் சிரித்தார்கள். தோணி முதலாளி பாஸ்கலுக்குச் சிரிப்பு வரவில்லை. தண்டலின் கண்ணை நம்பித்தான் பன்னிரண்டு பேர் கடலேறுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவரும் நேரே என்னிடம் வந்தார்கள்.

"அது இன்னும் அங்கனதான் நிக்கி சார்," என்றார் சிலுவை. "பனிமய மாதா மேல ஆண. ஒருக்கா வந்து பாத்துச் சொல்லிருங்க."

"சார் சொல்லுததுதான் முடிவு," என்றார் பாஸ்கல். "சேறுன்னா இவரு இனிமே தோணி ஏற வேண்டாம். ஆளுக உசிரு பாருங்க."

உடனே பஸ் பிடித்துத் துறைமுகம் வந்து, படகில் போனோம். முப்பதடி தூரத்தில் நின்றது. வெயில் எங்கள் முதுகுப்பக்கம். பைனாகுலரில் இரண்டு முறை பார்த்தேன். பறவை திரும்பி நேராக நின்றபோது மூக்கின் நுனி இருபுறமும் விரிந்திருந்தது. அதைவிட நல்ல வெளிச்சம் எனக்கு வாய்த்ததே இல்லை.

"சேறுதான்," என்றேன்.

சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் ஒருவேளை மாற்றிச் சொல்லியிருப்பேன். அவர் நெற்றியில் கையை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கு இப்பவும் கரண்டியாத்தான் தெரியுது சார்," என்றார். பிறகு பாஸ்கல் பக்கம் திரும்பினார். "என் கண்ணு போச்சி. வேற ஆளப் பாரும்."

அப்போது அவருக்கு ஐம்பது வயது. அதன்பின் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார்.

மறுநாள் நான் தனியாகப் போனேன். அதே இடம், அதே பறவை. கால் கறுப்பு என்பதையும் குறித்துக்கொண்டேன். நானே பார்த்ததாகச் சங்கத்துக்கு எழுதினேன்; துறைமுகத்தில் கேட்டவர்களிடம், நிஜப் பறவை மறுநாள்தான் வந்தது என்றேன். எழுதியவன் நான் என்பதால் சங்கத்தில் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

உங்கள் கடிதம் வந்தபின் போன வாரம் அவரைப் பார்க்கப் போனேன். நான் தெருமுனையில் திரும்பும்போதே வாசலிலிருந்து "வாங்க சார்" என்று கூப்பிட்டார். எழுபத்தைந்து வயது. கண்ணாடி கிடையாது. வலை ஊசியில் நைலான் நூல் கோத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் போனேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பறவையைப் பற்றி ஒருவர் விசாரிக்கிறார் என்று மட்டும் ஆரம்பித்தேன்.

"நீங்க மறுநா பாத்தது நெசப் பறவை சார். எனக்குத்தான் குடுத்து வைக்கல," என்றார். "அன்னைக்கு நீங்க தடுக்கலன்னா ஆளுகளக் கொண்டுபோயி எங்கயாவது மோதியிருப்பேன். இன்னைக்கும் செபத்துல உங்களுக்கும் சேத்துத்தான் வேண்டுதேன்."

காப்பி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

ஆகவே என் பெயரை அடித்துவிட்டு, பார்த்தவர் சிலுவை என்று திருத்திக்கொள்ளுங்கள். அவருக்கு மட்டும் தகவல் அனுப்ப வேண்டாம். இந்த வயதில் அவர் மனம் நோகக் கூடாது.