தப்பு ஓவன் மேலதான்

ஓவன் கதவு இறுக்கமாத்தான் மூடுது மெக்கானிக் தம்பி, அதை விடுங்க. ரப்பரும் நல்ல ரப்பர். உள்ள பாருங்க, உள்ள! சூடுதான் கோளாறு. நான் சொல்றேன்ல... பதினோரு வருஷமா இந்த வீட்டுல கிடக்குற ஓவன். அதோட குணம் எனக்குத் தெரியாதா?

தம்பின்னு கூப்பிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கும் மீசை நரைச்சாச்சு. எனக்கு எழுபத்து மூணு. இந்தத் தெருவுல எல்லாரும் எனக்குத் தம்பிதான்.

இதோ, இதைத் தட்டிப் பாருங்க. அட, தட்டுங்க! டொக் டொக்குங்குதா? கதவுப் பலகை இல்ல அது. கேக். போன சனிக்கிழமை என் வீட்டுக்காரி சுட்டது. என் பையன் இருக்கானே, பெரிய நல்லவன், டீயில மூணு தடவை முக்கித் தின்னுட்டு "சூப்பர்மா"ங்கறான். முகம் என்னமோ பல் பிடுங்கிக்கிட்டு வந்தவன் மாதிரி. பொய் சொல்லணும்னா கொஞ்சமாவது பழகிட்டு வர வேணாமா?

இதுக்கு முந்தின வாரம் பிஸ்கட். அதைப் பத்திப் பேசவே வேணாம். மேஜைக்கால் ஆடிச்சு, அடியில ஒண்ணு வச்சேன். இன்னும் அங்கதான் இருக்கு. குனிஞ்சு பாருங்க. ஆடுதா? ஆடாது.

என்ன, தெர்மாமீட்டரா? வையுங்க வையுங்க. நூத்தி எண்பதுக்குத் திருப்பியாச்சா? எவ்ளோ நேரம்? இருபது நிமிஷமா! சரி, உட்காருங்க. ஸ்டூல் இருக்கு. நிக்கறவங்களைக் கண்டா எனக்கு எரிச்சல் வரும்.

நாப்பத்தி நாலு வருஷம் தம்பி. ஒரு தடவை தப்பினதில்ல. என் வீட்டுக்காரி கேக் போட்டா மூணாவது மாடியில இருக்கறவன் செருப்பைப் போட்டுக்கிட்டு இறங்கி வருவான், "சும்மா பேசிட்டுப் போலாம்னு வந்தேன்"ம்பான். சும்மா பேச வர்றவன் தட்டைப் பாத்துக்கிட்டா பேசுவான்? சூப்பு, ரொட்டி, பிஸ்கட், எதுன்னாலும் கை வச்சா வந்துடும். ஹோட்டல் சமாசாரம் இல்ல, தினமும் வீட்டுல திங்கறது. அதை தினமும் ஒரே மாதிரி பண்றதுதான் கஷ்டம். இது எனக்கு இப்பத்தான் தெரியுது.

அந்த நோட்டை எடுங்க. மஞ்ச அட்டை. ஆமா. எண்ணெய்க் கறை படிஞ்ச பக்கமெல்லாம் நல்ல பக்கம். வெள்ளையா பளிச்சுனு இருக்கறதெல்லாம் ஒரே தடவை பண்ணிட்டு விட்டது. கேக்கைப் படிங்க... நானே சொல்றேன். "மாவு மூணு குவளை. சர்க்கரை ஒண்ணரை. முட்டை நாலு. வெண்ணெய் ஒரு கட்டி. விரல் வச்சா திரும்ப எழும்பணும்." அவ்ளோதான்! குறிப்பா இது? தந்தி!

ஆனா இது மேல். என் மருமக போன்ல பாக்கறாளே, அதை நீங்க பாக்கணும். ஒரு அம்மா வந்து கும்பிடும். அது எப்போ கேக் கத்துக்கிச்சு, அது மாமியார் என்ன சொன்னாங்க, அது புருஷன் எப்படி ரசிச்சான்... முட்டையை உடைக்கறதுக்குள்ள எனக்குப் பசியே போயிடும். அப்புறம் கடைசியில, "தேவையான அளவு உப்பு." அடியே, தேவையான அளவு எனக்குத் தெரிஞ்சா உன் மூஞ்சியை ஏன் பாத்துட்டு உக்காந்திருக்கேன்?

அளவுன்னா எங்கிட்ட விளையாடக் கூடாது தம்பி. எடை அளவுத் துறை. முப்பத்தாறு வருஷம் இன்ஸ்பெக்டர். நான் தெருவுல நுழைஞ்சா தராசெல்லாம் தானா நிமிரும். எண்ணெய்க் கடைக்காரன் லிட்டர் அளவோட அடியை உள்பக்கமாத் தட்டி மேடாக்கி வச்சிருப்பான். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. நான் விரலை விட்டாலே போதும். பறிமுதல்! சீட்டு கட்டுவேன். பொருள் என்ன, குறை என்ன, சொந்தக்காரன் யாரு, தேதி, கீழ என் கையெழுத்து. அப்புறம் ஆணியை வச்சு அடியில ஒரு ஓட்டை. மறுபடி எவனும் அதுல அளக்கக் கூடாது இல்ல? அதான் முறை.

எவ்ளோ காட்டுது? நூத்தி இருபதா. பாத்தீங்களா, ஏறல! ...சரி சரி, இன்னும் நேரம் இருக்கு. தெரியும்.

யாரு, என் வீட்டுக்காரியா? வீட்டுல இல்ல. டாக்டர்கிட்ட போயிருக்கா. மருமக கூட்டிட்டுப் போயிருக்கா. உடம்புக்கு ஒண்ணும் இல்ல. தலைக்கு. அதாவது... ஞாபகம். மறதி வந்துடுச்சோன்னு அவளுக்கு ஒரு சந்தேகம். அவ அக்காவுக்கு அப்படித்தான் ஆரம்பிச்சுது. உப்பு போட்டோமா இல்லையான்னு. கடைசியில பெத்த பிள்ளையைப் பாத்து "நீங்க யாரு"ன்னு கேட்டுச்சு அந்தம்மா. அதுலேர்ந்து இவளுக்கு பயம். போன சனிக்கிழமை இந்த மேஜையில, நீங்க கையை வச்சிருக்கீங்களே, அங்க உக்காந்து, "மாவு மூணா போட்டேனா நாலா போட்டேனா தெரியலையே, என் கை என்னுது மாதிரியே இல்லையே"ன்னு அழுதா. நோட்டை எடுத்து மருமக கையில கொடுத்துட்டா. "இனிமே நீ பண்ணும்மா"ன்னு. நேத்து அவ சமைக்கல. அதுக்கு முந்தின நாளும் சமைக்கல. சன்னல் பக்கம் சும்மா உக்காந்திருக்கா தம்பி. நாப்பத்தி நாலு வருஷத்துல அவ சும்மா உக்காந்து நான் பாத்ததே இல்ல.

அதனாலதான் உங்களை அவசரமா வரச் சொன்னேன். ஓவன்தான் பழுதுன்னு தெரிஞ்சா அவளுக்குத் தைரியம் வந்துடும். புரியுதா?

மாவுக் கடைக்காரன்கிட்டயும் போனேன். "என்னய்யா மாவு கொடுக்கறே"ன்னேன். அதே மாவுதான் சார்ங்கறான். முட்டைக்காரி என்னைக் கண்டாலே உள்ள போயிடறா. அவ கோழியைச் சந்தேகப்பட்டேனாம். கேட்டா தப்பா?

எல்லாத்துக்கும் இந்த மாடிப் பொம்பளைங்கதான் காரணம். நோட்டைப் பாத்து எழுதிட்டுப் போனாங்க, நாலு பேரு. ஒருத்திக்கும் கேக் வரல. மாடிப்படியில நின்னு பேசிக்கறாளுங்க, "அக்கா எதையோ ஒண்ணை எழுதாம மறைச்சுட்டாங்க"ன்னு. என் காதுல விழுந்துச்சு. என் வீட்டுக்காரியையா! அவ காய்கறிக்காரன்கிட்ட கூட பேரம் பேச வெக்கப்படுவா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். உள்ள வந்தேன். என்னோட பழைய பெட்டியைத் திறந்தேன். அரசாங்க முத்திரை போட்ட கண்ணாடி அளவுக் குடுவை, இன்னும் வச்சிருக்கேன். அவ குளிக்கப் போயிருந்தா. அவளோட குவளையை எடுத்து...

அந்தக் குவளை தெரியுமா? அதோ, கொக்கியில தொங்குது. எனாமல் குவளை, வெள்ளை, நீல விளிம்பு. மாவு, சர்க்கரை எல்லாம் அதுலதான். முட்டை எண்ணிக்கை, வெண்ணெய் கட்டிக் கணக்கு. மத்ததெல்லாம் குவளை.

எவ்ளோ இப்போ? நூத்தி எழுபதா! அப்படியா... நல்லா பாருங்க. கண்ணாடி போட்டுப் பாருங்க.

தண்ணி ஊத்தி அளந்தேன் தம்பி. எல்லார் வீட்டுலயும் குவளைன்னா இருநூத்தி அம்பது மில்லி. இது இருநூத்திப் பத்து. நாப்பது மில்லி குறைவு! விரலை விட்டேன். அடி உள்பக்கம் மேடா இருக்கு. எப்பவோ கீழ விழுந்து குழிஞ்சிருக்கு. எண்ணெய்க் கடைக்காரன் வேலை அப்படியே! ஊரு பூரா பிடிச்சேன், என் சமையல்கட்டுலயே ஒரு கள்ள அளவு தொங்கிட்டிருக்கு, அதுல அளந்ததைத்தான் நான் இத்தனை வருஷமா தின்னுட்டு ஏப்பம் விட்டிருக்கேன். சிரிக்காதீங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

சரி, அப்புறம் என்னன்னு கேக்கறீங்களா. அப்புறம்... என்ன அப்புறம். அந்தக் கொக்கியில தொங்கறது அது இல்ல.

வேற. புதுசு. மூணு கடை ஏறி இறங்கினேன் அதே மாதிரி கிடைக்க. சரியான இருநூத்தி அம்பது. விளிம்புல ஒரு இடத்துல எனாமல் போயிருக்கும் பழசுல, அதே இடத்துல இதுலயும் அரம் வச்சு ராவினேன். கைப்பிடியில டீத்தூள் தேய்ச்சேன், கறைக்கு. போலி முத்திரை போட்டவனையெல்லாம் பிடிச்சு உள்ள தள்ளினவன் நான். நானே உக்காந்து போலி பண்ணினேன். நல்லாவே பண்ணினேன். அவ கண்டுபிடிக்கல.

சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாம்தான்! சொன்னா விடுவாளா? "என் குவளை என் குவளை"ம்பா. சரியான அளவுல பண்ணினா கேக் இன்னும் நல்லா வரும், அப்புறம் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். மூணு குவளைக்கு அரைக் குவளை மாவு கூடப் போகும், முட்டை அதே நாலுதான்னு... அதை நான் யோசிக்கல. அளக்கத்தான் தெரியும் எனக்கு. சமைக்கவா தெரியும்?

நூத்தி எண்பதா? அங்கேயே நிக்குதா? ஒரு டிகிரி கூட கூடல, குறையல...

சரி. நல்லா இருக்கு ஓவன். எனக்குத் தெரியும்யா. நீங்க வர்றதுக்கு முன்னாடியே தெரியும்.

உட்காருங்க. உட்காருங்கன்னா! உங்களை வரச் சொன்னது இதுக்கு இல்ல. ஒரு நிமிஷம்... இந்தப் பெட்டி... இதோ. இதான் அந்தக் குவளை. சீட்டா? கட்டினேன். பழக்கம். படிக்காதீங்க. அடியைப் பாருங்க. ஓட்டை தெரியுதா? ஆணி வச்சு ஒரே அடி. இதை அடைச்சுக் கொடுங்க. உங்க பையில ஈயம் இருக்குமே. பத்து நிமிஷ வேலை. பழசைக் கொக்கியில மாட்டிடுவேன், புதுசைக் குப்பையில போட்டுடுவேன். நாளைக்கு அவ கேக் பண்ணுவா, நல்லா வரும். ஓவனைப் பழுது பாத்ததாலதான்னு நான் சொல்லிக்கறேன். அவ கேட்டா நீங்களும் ஆமான்னு சொல்லுங்க, போதும்.

என்ன பாக்கறீங்க? ஈயம் சாப்பாட்டுக்கு ஆகாதா? மாவுதானே அளக்கப்போறா, அதுலயே சூப்பா குடிக்கப்போறா?

அப்படிப் பாக்காதீங்க தம்பி. அவளும் அப்படித்தான் பாத்தா. புதுக் குவளையைக் கையில எடுத்த அன்னைக்கு, மொத நாளே. நின்னா. கையில தூக்கித் தூக்கிப் பாத்தா. "ஏங்க, குவளை கனமா இருக்கே?"ன்னா. கண்ணு ஏமாந்துச்சு, கை ஏமாறல. அவ கையை விட நல்ல தராசு எங்க ஆபீஸ்லயே இருந்ததில்ல.

நான் பேப்பர் படிச்சிட்டிருந்தேன். நிமிரக்கூட இல்ல. "குவளை அதேதான். உனக்கு வயசாச்சு. கையில பலமும் இல்ல, தலையில ஞாபகமும் இல்ல"ன்னேன்.

அவ்ளோதான் சொன்னேன். அதைத்தான் அவ பிடிச்சுக்கிட்டா.

எங்க கிளம்பறீங்க? அட, பையை ஏன் மூடறீங்க... தம்பி, குவளையை அங்க வைக்காதீங்க. ஓவன் மேல வச்சா நேரா அவ கண்ணுல படும். உள்ள எடுங்க. தம்பி! வேலையை முடிக்காம... கதவைத் திறந்து போட்டுட்டுப் போறானே மனுஷன்...

யாரு? மறந்துட்டீங்களா எதையாவது...

நீயா. சீக்கிரம் வந்துட்டியே. மருமக எங்க, கீழயா? டாக்டர் என்ன சொன்னார்? ...தேதி கேட்டாரா. கிழமை கேட்டாரா. எல்லாம் சரியா சொன்னியா? நூறுலேர்ந்து ஏழு ஏழா கழிச்சியா... எனக்கே வராதே அது.

மெக்கானிக்கா? படியில பாத்தியா. ஆமா, போயிட்டான். ஓவன் நல்லாத்தான் இருக்காம். மாவும் நல்லாத்தான் இருக்கு, முட்டையும் நல்லாத்தான் இருக்கு. உனக்கும் ஒண்ணுமில்ல. இப்படி உட்காரு. ஒண்ணு சொல்...

அந்தக் குவளையை எடுக்காதே. கையில குத்தும், அடியில... சரி. எடு. உன்னுதுதான்.

சீட்டா? படி. சத்தமாவே படி. "பொருள்: குவளை ஒன்று. குறை: நாற்பது மில்லி. உரிமையாளர்: மனைவி."

ஆமா. கீழ இருக்கறது என் கையெழுத்துதான்.