நாற்பத்தேழாம் எண் வாத்தும் போடில் அம்மையாரும்

துருவத் தீவுகளிலிருந்து வந்திறங்கும் இளஞ்சிவப்புக் கால் காட்டுவாத்துகளின் வாழ்வையும் சாவையும் முப்பத்து நான்கு ஆண்டுகள் அளந்த அறிவுச் செல்வமே, டென்மார்க்கின் யூட்லாந்துச் சேற்றிலும் சிரிப்பு மாறாத செம்மலே, போடில் ஓஸ்டர்கோர் அம்மையாரே!

தங்களுக்கு அதிகத் தொல்லை தந்தவன் என்ற ஒரே தகுதியால் தங்கள் பணி ஓய்வு நாளுக்கான இம்மடலை எழுதப் பணிக்கப்பட்டேன். பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் காலையில், வளையமிட வாத்து பிடிக்க மூச்சடக்கிக் காத்திருக்க வேண்டிய மறைவிடத்தில், காப்பி ஊற்றிக்கொண்டே வலையைப் பாய்ச்சும் விசையின் மேல் உட்கார்ந்தவன் நான்தான். வலை முந்திப் பாய்ந்தது. இருநூறு வாத்துகள் எழுந்து பறக்க, ஒன்று மட்டும் இறக்கையில் கயிற்றடி பட்டுச் சிக்கியது. தாங்கள் திட்டவில்லை. எலும்பைத் தடவிப் பார்த்தீர்கள்; காலில் வளையமும் கழுத்தில் நாற்பத்தேழாம் எண் பட்டையும் மாட்டி விட்டீர்கள். அது சாய்ந்து சாய்ந்துதான் பறந்து போனது.

பிறகு எந்த வயலிலும் எவர் கண்ணிலும் அது படவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் கேட்டேன், என்னால் செத்ததா என்று. "பார்க்கல, அவ்வளவுதான். பார்க்காததெல்லாம் செத்ததுன்னா, லீவு நாள்ல என்னையும் அப்படித்தான் எழுதணும்" என்பீர்கள்.

அந்தக் கண்டிப்பே தங்கள் பெருமை. நூற்றுக்கு எண்பத்தேழு வாத்துகள் மறு வசந்தம் கண்ட நிலை மாறி எண்பதாகக் குறைந்தபோது, காரணம் துப்பாக்கியே என்று நிறுவினீர்கள். வேட்டைக் காலத்தில் ஒரு மாதம் வெட்டப்பட்டது. ஊர்க்கூடத்தில் வேட்டைக்காரர் டோர்கில் பியெர்ரே எழுந்து, "வாத்தை எண்ணத் தெரியாதவங்க எங்க தோட்டாவை எண்ண வந்துட்டாங்க" என்றார். "சுட்டதுல வளையம் இருந்தா அனுப்புங்க. என் கணக்கு தப்புன்னா நானே வந்து சொல்றேன்" என்றீர்கள். வளையங்கள் உறைகளில் வரத் தொடங்கின. எண் மீண்டும் ஏறியதும், எங்களில் சிலர் முணுமுணுத்தும், அந்த மாதத்தை வேட்டைக்காரருக்குத் திருப்பித் தரச் சொன்னவரும் தாங்களே.

தங்கள் பிழைப்பு விகிதம் ஆண்டுதோறும் நூற்றுக்கு நூறாக இருக்கட்டும். முழங்கால் வலி மட்டும் வலசை போய்த் திரும்பாதிருக்கட்டும்.

அன்பில் குறையாத,
ஆய்வு நிலைய ஊழியர்கள்

(மடலைக் கண்ணாடிச் சட்டமிடும் முன் கையால் சேர்த்தது: இன்று காலை டோர்கிலின் உறை வந்தது. உள்ளே ஒரு கடிதத்தோடு கால் வளையம் மட்டும். கழுத்துப் பட்டை எப்போதோ கழன்றிருக்கிறது. வளைய எண்ணைப் பதிவேட்டில் தேடி, கடிதத்தைப் படித்துவிட்டுத் தாங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"உன் வாத்து, எஸ்பென். போன மாசம் டோர்கில் சுட்டிருக்காரு. உயரத்துல, நேரா, வேகமாப் போச்சாம். ரெண்டு தோட்டா செலவாச்சாம். செத்துப்போச்சு. நீ கொல்லல.")