செபஸ்தியம்மாளுக்கு மிஞ்சுன சொல்லு

அவ தண்ணி குடிக்க மாட்டேன்னுட்டா. அதுதாந் தாயி நடந்தது. ஒரு நாளைக்கு அரைத் தம்ளர் எறங்குனா அதிசயம். கஞ்சி ரெண்டு கரண்டி. மத்ததெல்லாம் உங்க டாக்டரு சீட்டுலயே எழுதிருக்காரு. தொண்டை நல்லாருக்கு, முழுங்க வருது, ஆனா குடிக்க மாட்டேங்குறாக, திங்கக்கெழமைக்குள்ள குடிக்கலைன்னா மூக்குல குழாய் வைக்கணும். நர்சு நீங்களும் குழாயோட வந்துட்டீகள்ல. அந்தப் பைய அங்கன வைங்க. மொதல்ல உக்காருங்க. ஆளு நின்னா எனக்குப் பேச வராது.

பேச்சு இருக்கா இல்லையாவா? ரெண்டே கட்டம்தான் போட்டிருக்கீக. ஒரு சொல்லு இருக்கு. மா. அம்புட்டுத்தான். அதுக்கு எந்தக் கட்டம்?

சரி, என்னமோ எழுதுங்க.

தவக்காலம் தொடங்குன வாரம் விழுந்தா. கோயிலுக்குப் போய்ட்டு வந்து வாசல்ல செருப்பக் கழட்டக் குனிஞ்சவதான். வலது கை போச்சு, வலது காலு போச்சு, வாயும் போச்சு. ஆஸ்பத்திரில பத்தொம்பது நாளு ஒரு சத்தமும் இல்ல. இருவதாம் நாளு வாயத் தொறந்தா. மா. வலிச்சாலும் மா, வெளிச்சம் கண்ணுல பட்டாலும் மா. நாம பேசுறது முழுக்க விளங்குது அவளுக்கு. திருப்பிச் சொல்ல இந்த ஒண்ணுதான் இருக்கு.

உங்களயும் நான் தாயின்னுதான கூப்பிடுறேன். வாம்மா போம்மான்னு இந்த வீட்ல இப்ப யாரும் சொல்றதில்ல. அந்தச் சத்தம் கேட்டா அவ திரும்பிப் பாக்குறா. தன் சொல்ல எவனோ எடுத்துட்டான்னு தோணுதோ என்னமோ.

இல்ல இல்ல, மொதல்ல நல்லாக் குடிச்சா. மக ஜெசிந்தா கோயமுத்தூர்ல டீச்சரு, ஒரு மாசம் லீவு போட்டு வந்து இருந்துச்சு. அது இருந்தமட்டும் கஞ்சி, மோரு, எளநி எல்லாம் போச்சு. அது ஊருக்குப் போன மறுநாள்லருந்துதான் ஆரம்பம். தம்ளரத் தூக்கிட்டு நான் கிட்டக்கப் போனா மா. வாய இறுக்கிக்கிறா. கண்ணுல தண்ணி. மகளத் தேடுறான்னு போன்ல மூஞ்சியக் காட்டுனேன். மகளப் பாத்துச் சிரிச்சா. தம்ளரப் பாத்து மா.

நான் என்ன நெனச்சேன்னா... சிரிக்கக் கூடாது. மாமான்னு கூப்பிட வருது, பாதில நின்னுருதுன்னு நெனச்சேன். கட்டுன புதுசுல ஒரு வருசம் அப்பிடித்தான் கூப்பிட்டா. பெறகு இந்தாருங்கன்னு ஆயிருச்சு. இந்த வயசுல மறுக்கா கூப்பிடுறாளேன்னு ஓடிப்போய்ப் பக்கத்துல உக்காந்தேன். சொவத்தப் பாத்துத் திரும்பிட்டா.

அப்பறம் மாங்காய். போடிக்குப் போய் நல்ல பழமா வாங்கியாந்து பிசஞ்சு ஊட்டுனேன். கடவாயில வழிய விட்டுட்டா. அரச்சு வச்ச மாவு புளிச்சுப்போச்சுன்னு சொல்றாளோன்னு அதையும் கொட்டுனேன். கம்பம்மெட்டுல முப்பத்தோரு வருசம் ஏலத்தோட்டத்துக்கு ஆளேத்துற ஜீப்பு ஓட்டுனவன் நான். மலையாளத்தான்கிட்ட மாவுன்னா மாமரமும் அதுதான், இட்லிக்கு அரைக்குறதும் அதுதான். அதுனால ரெண்டு பக்கமும் பாத்துட்டேன்னு வைங்க.

பெறகு பாக்க வந்தவுகல்லாம் ஆளுக்கொண்ணு சொன்னாக. நல்லதுக்குத்தான் சொன்னாக. எனக்குத்தான் அலுத்துப்போச்சு.

எங்கூட ஜீப்பு ஓட்டுன சீனிச்சாமி வந்தான். வீட்ல தெலுங்கு பேசுறவன். மான்னா எங்களோடன்னு அர்த்தம்னான். மா இல்லுன்னா எங்க வீடு. அதுலயும் கேக்குறவனச் சேக்காத எங்க வீடாம். அப்ப அவ பொறந்த வீட்டுக்குத்தான் போகணும்கிறான்னு இவனே முடிவு கட்டிட்டான். அவளுக்கும் தெலுங்குக்கும் என்னடா சம்பந்தம்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. ஆட்டோவுல படுக்கவச்சு அவ தம்பி வீட்டுக்குக் கொண்டு போனேன். போக வர நாலு மணி நேரம், அந்த வெயில்ல ஒரு மடக்குக் குடிக்கல.

ஏலக்கா ஸ்டோர்ல காய் பெறக்குற ஒரு ஜார்க்கண்டுப் பொண்ணு. பின்னால லைன் வீட்ல இருக்கு. மதிலுக்கு அந்தாண்டருந்து கேட்டுட்டு ஓடியாந்துச்சு. அவுக இந்தில அது அம்மாவாம்ல. இவ கையப் பிடிச்சு நெத்தில வச்சுக்கிட்டு அழுதுச்சு. பெறகு அதுவே வெளிய போய் நின்னு அதோட ஆத்தாளுக்குப் போன் போட்டுச்சு. நல்ல பொண்ணுதான். ஆனா எம் மாமியா செத்து முப்பத்தஞ்சு வருசம் ஆச்சு. அந்த அம்மாவ நான் எங்கிட்டுப் போய்க் கூட்டியார?

பையன் அருண் ஜோசப் சிங்கப்பூர்ல கிரேன் ஓட்டுறான். அவங்கூட இருக்க சீனாக்காரன் சொன்னானாம். அவுக பாசையில அதே மாவ நாலு விதமா இழுக்கலாமாம். ஒரு இழுப்புக்கு அம்மா. ஒண்ணுக்குச் சணல். ஒண்ணுக்குக் குதிரை. நாலாவது, ஏசுறது. அப்பா, அம்மா எப்பிடி இழுக்குதுன்னு கேளுங்கன்னான். நான் குதிரைக்கு எங்கடா போவேன்னு போன வச்சுட்டேன். எரிச்சல்ல வச்சது. அவன் சொன்னதுல சரக்கு இருந்துச்சுன்னு இப்பத் தெரியுது.

படிச்சவரு ஒருத்தரயாவது கேப்போம்னு பங்குச் சாமியாரக் கூப்பிட்டேன். ஆரோக்கிய பிரபு. சின்ன வயசு, ரோமாபுரில படிச்சவரு. அங்கன மான்னா ஆனான்னு அர்த்தமாம். ஆனா, ஆனால். பேச்சத் தொடங்குறாக, முடிக்க வரலன்னாரு. அது எனக்குக் கொஞ்சம் பிடிச்சுச்சு. நாப்பத்தெட்டு வருசத்துல நான் எதச் சொன்னாலும் ஆனான்னுதான் ஆரம்பிச்சிருக்கா. வடமொழியில வேண்டாம்னு அர்த்தமாம். குதிரைக்கு நம்ம பழந்தமிழ்லயும் மான்னு பேரு உண்டாம். சீனாக்காரன் குதிரைக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல, ஒவ்வொண்ணும் அதது வேருலருந்து தனியா வந்ததுன்னாரு. அம்மாங்குறது மட்டும் வேற கதையாம். எந்த ஊருப் பச்சப்புள்ளயும் ஒதட்ட மூடித் தொறந்தா அந்தச் சத்தம்தான் வரும், எங்கனயும் பெத்தவ அதத் தன் பேரா எடுத்துக்கிட்டான்னாரு.

எல்லாம் சரி சாமி, இவ எதச் சொல்றான்னேன். வேண்டாம்னு சொல்றாகபோலன்னாரு. வேண்டாம்கிறது எனக்கே தெரியுது. என்ன வேண்டாம்னு ரோமாபுரில சொல்லித் தரலபோல. செபம் பண்ணிட்டுப் போனாரு.

அதுக்கு மேலதான் உங்க டாக்டரு வந்து குழாய்னு எழுதுனது. அந்தச் சொல்லு அவ காதுல விழுந்துருச்சு. அன்னிக்கு மான்னுகூடச் சொல்லல. கண்ண மூடிப் படுத்துட்டா.

இருங்க, அந்தப் பையத் தொறக்காதீக. முந்தாநேத்து வரைக்கும்தான் நான் சொன்னதெல்லாம். நேத்துலருந்து குடிக்கிறா. நெசமாத்தான். நேத்து அஞ்சு தம்ளரு. இன்னிக்கு நீங்க வர முந்தி ஒரு சொம்பு.

எப்பிடின்னா...

எழுதுறத நிப்பாட்டிட்டுக் கேளுங்க. மக ஊருக்குப் போனதுலருந்து அவளுக்கு எல்லாம் நானேதான் பாத்தேன். காலைல தூக்கிட்டுப் போய் உக்கார வைக்கிறது, கழுவி விடுறது, சேலை மாத்துறது. ஆளு வைக்கல. ஒரு ஆம்பள இம்புட்டுப் பாப்பானான்னு தெருவே பேசுச்சு. சாமியாரு ஞாயித்துக்கெழமைப் பூசையிலயே சொன்னாரு. நானும் நெஞ்ச நிமித்திட்டுத்தான் திரிஞ்சேன்.

நேத்துக் காலைல எதுத்த வீட்டுக்காரி படியேறி வந்தா. எங்களுக்கும் அவளுக்கும் பதினோரு வருசமாப் பேச்சு இல்ல. இவ காயப்போட்ட வத்தல் பாயில அவ ஆடு ஏறிருச்சு, அதுல தொடங்குனது. நேரா உள்ள வந்து கட்டில்கிட்ட நின்னா. ஏய்யா, நான் அங்கனருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், நீ தம்ளரோட போனாத்தான் இவ கத்துறா, மக இருந்தப்ப இந்தச் சத்தம் இல்லையே, இவள ஒதுங்கக் கூட்டிட்டுப் போறது யாருன்னா.

நாந்தான்னேன். பெருமையாத்தான் சொன்னேன்.

அடப் பாவி மனுசான்னா. குடிச்சா வெளிய போகணும், போகணும்னா நீ வந்து துணியத் தூக்கணும், அதுக்குச் சாகலாம்னு கெடக்கா, இதுக்கு ஊரு ஊராப் பாசை கேட்டுத் திரிஞ்சியாக்கும், வெளிய போய்யான்னா. என் வீட்லருந்து என்னய.

போனேன். கதவச் சாத்திக்கிட்டா. முக்கா மணி நேரம் தெருவுலதான் நின்னேன். தண்ணி கொட்டுற சத்தம் கேட்டுச்சு. பெறகு கதவத் தொறந்து ஒரு சொம்பு குடிதண்ணி கேட்டா. குடுத்தேன். சொம்பு காலியாத் திரும்பி வந்துச்சு.

நாப்பத்தெட்டு வருசம் தாயி. அவ சேலை மாத்துறத நான் ஒரு நாளும் பாத்ததில்ல. ஒத்தை ரூம்பு வீட்ல இருந்தப்பவும் என்னய வெளிய அனுப்பிட்டுத்தான் மாத்துவா. இது எனக்குத் தெரியாததா? தெரியும். மேலுக்கு முடியாமப் போனா அதெல்லாம் போயிரும்னு நானா நெனச்சுக்கிட்டேன். அவளக் கேக்கல. தலைய ஆட்டத் தெரியும்ல அவளுக்கு. கேட்டிருந்தா ஆட்டிருப்பா.

இன்னமும் மா தான். அதுல மாத்தமில்ல. இவ மாங்குறா, எதுத்த வீட்டுக்காரி ஒரு பாட்டம் பதில் பேசுறா, இவ மறுபடியும் ஓங்கி மாங்குறா. ஆட்டுச் சண்டைய விட்ட எடத்துலருந்து பிடிச்சிருக்காளுகபோல. நான் தலையிடுறதில்ல.

மூணு வேளை வாரா. ஜெசிந்தாகிட்டயும் சொல்லிட்டேன்.

அந்தச் சீட்டக் கொண்டாங்க இங்கன. கவனிச்சுக்கிறவர்னு ஒரு கட்டத்துல பங்கிராஸ்னு எம் பேரு இருக்குல்ல. அடிங்க அத. அட, நல்லாவே அடிங்க. மாத்திரை குடுக்குறது நாந்தான், வேணும்னா கீழ ஒரு ஓரமாப் போட்டுக்கோங்க.

ஒறவு முறையா? எதுத்த வீடுன்னு எழுதுங்க. பேரு கருத்தம்மாள்.