சீப்புக் கதவும் கம்பக் கதவும்

ஆற்றுப்பாலத்தின் நடு வளைவு வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய், ரயில் நிலையக் கடிகாரம் மூன்றே முக்காலில் நின்று, அதை யாரும் சரிசெய்யாமலே விட்ட வருஷம் எனக்கு முப்பத்தாறு வயது. அதிலிருந்து எண்ணினால் இப்போது எண்பத்து மூன்று. என் பெயர் தனித்தாளில் இருக்கிறது. காகித ஆலையில் எல்லோரும் என்னை 'வாசல்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஆலைக்குப் பின்தெருவில் கடைசி வீட்டில் இளைய மகனோடு இருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாது. கண்ணால் பார்த்தது மறக்காது.

அந்த வருஷம் காணாமல் போன தொழிலாளி ஓடிப்போனவரா, வேலையில் இறந்தவரா என்று முடிவு செய்யக் கேட்டு அவர் மகள் போட்ட மனுவில் என்னை விசாரித்ததால் சொல்கிறேன்.

ஆலை அலுவலக நடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை உரிய கதவுக்கு அனுப்புவது என் வேலை. கதவுகள் இரண்டு, பக்கத்துப் பக்கத்தில். இரண்டின் மேலும் ஆங்கிலத்தில் பலகை. எனக்கு முதல் எழுத்துதான் அடையாளம். ஒன்றில் மூன்று பல் சீப்பு, மற்றதில் நட்டுவைத்த கம்பம். மீதி எழுத்துகள் அச்சு மாறாமல் ஒன்றாக இருந்தன. பலகை எழுதியவர் கை தவறிவிட்டதா என்று சீப்புக் கதவுக் குமாஸ்தாவிடம் ஒருமுறை கேட்டேன். "ரெண்டும் என்கொயரிதான்யா வாசலு. சில பேரு இப்படி எழுதுவான், சில பேரு அப்படி எழுதுவான். நம்ம மேனேஜர் எதுக்கு வம்புன்னு கதவுக்கொண்ணா மாட்டிட்டாரு. இங்க வாயால கேட்டு வாயால பதில் வாங்கிட்டுப் போகலாம். அங்க போனா எழுதுவாங்க. எழுதினா எல்லாருக்கும் தலைவலி" என்றார்.

தலைவலி என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. கம்பக் கதவுக்குள் ஒரு விஷயம் எழுதப்பட்டுவிட்டால், அது எந்தப் பிரிவைச் சேர்ந்ததோ அந்தப் பிரிவில் அதிகாரி வந்து பார்க்கும்வரை எதையும் உடைக்கவோ மூடவோ கூடாது என்பது ஆலையின் சட்டம். ஆகவே எனக்கு மேனேஜர் போட்ட உத்தரவு, கையில் தாளோடு வருகிறவர் கம்பம், வெறுங்கையோடு வருகிறவர் சீப்பு என்பது. படிக்காதவனுக்குத் தோதான உத்தரவு. பதினோரு வருஷம் அதில் நான் பிசகியதில்லை.

மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை, பழைய கூழ்த்தொட்டியைக் கழுவ ஏழு பேர் இறங்கினார்கள். அது மூன்று ஆள் ஆழத்துக்குத் தரைக்குள் இறங்குகிற சிமெண்டுக் குழி. சாயங்காலம் ஆறு பேர்தான் ஏறி வந்தார்கள் என்று இப்போது சொல்கிறார்கள். கழுவுகிற ஆட்களை கேட் காவலர் தலை எண்ணமாட்டார், தன் புத்தகத்தில் மொத்தக் கோஷ்டிக்கும் ஒரே கோடு இழுத்து வெளியே விடுவார். அன்றும் அப்படியே கோடு இழுத்தார்.

அதன் பிறகு செவ்வாய் காலை எட்டரை மணிக்கு ஒரு பெண் வந்தார். இடுப்பில் கைக்குழந்தை, தோளில் துணிப்பை, குடை கிடையாது. "அண்ணே, நேத்து தொட்டி கழுவ வந்த எங்க வீட்டுக்காரரு இன்னும் வீடு திரும்பலண்ணே. எந்தக் கதவுல கேக்கணும்?" என்றார். கையைப் பார்த்தேன். தாள் இல்லை. சீப்பைக் காட்டினேன். குமாஸ்தா கேட் காவலரின் புத்தகத்தில் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, ஆள் வெளியே போய்விட்டார் என்றார். அதன் பிறகு புதன்கிழமை அதே நேரத்துக்கு வந்தார். சீப்பைக் காட்டினேன். அதே பதில். அதன் பிறகு வியாழக்கிழமை மத்தியானம் வந்தார். அன்று நல்ல மழை. "தினம் வந்தா பதில் மாறிடுமாம்மா? எவளையாவது இழுத்துக்கிட்டுப் போயிருப்பாரு, நல்லா தேடிப் பாரு" என்றார் குமாஸ்தா. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு அந்தப் பெண் என் பக்கத்தில் நின்று குழந்தையின் கவுனைப் பிழிந்தார். பிறகு பையைத் திறந்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒரு காகிதத்தை எடுத்தார். "இத பக்கத்து வீட்டு வாத்தியார் செவ்வாக்கிழமையே எழுதிக் குடுத்தாருண்ணே. நனைஞ்சிரக் கூடாதுன்னு உள்ளயே வச்சிருந்தேன். யாரும் கேக்கல. இத யாருகிட்டயாச்சும் குடுக்கணுமா?"

மணி பன்னிரண்டரை. கம்பக் கதவு அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். "நாளைக்கு வாம்மா" என்றேன். அதிகாரி ஒன்றரை மணிக்குத் திரும்பிவிடுவார் என்பது எனக்குத் தெரியும். பெஞ்சுக்கு அடியில் அந்தப் பெண்ணின் துணி சொட்டித் தண்ணீர் தேங்கியிருந்தது, அதைத் துடைக்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பழைய தொட்டியின் மேல் பலகை அடித்து கான்கிரீட் போட்டார்கள். மூட வேண்டும் என்று முன்னமே முடிவானதுதான். எட்டரைக்கு அந்தப் பெண் தாளைக் கையில் நீட்டிப் பிடித்தபடி வந்தார். கம்பத்தைக் காட்டினேன். அதிகாரி நின்றபடியே படித்துவிட்டு, அந்தத் தொட்டியையே மூடியாகிவிட்டது, இனி எழுத என்ன இருக்கிறது என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகும் அந்தப் பெண் பத்தொன்பது நாள் வந்தார். தாள் கையில்தான் இருந்தது. மேனேஜர் சீப்பையே காட்டச் சொன்னார். காட்டினேன்.

போன மாதம் தொட்டியை உடைத்தபோது கிடைத்தவற்றில் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி எனக்குக் காட்டப்பட்டது. கழுவுகிற ஆட்களுக்கு ஆலை கொடுப்பதுதான். மூடும்போது அவர் உயிரோடு இருந்திருப்பாரா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. காணோம் என்று யாரும் வந்து கேட்டதாக எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று ஆலைத் தரப்பில் சொல்கிறார்கள். அது சரிதான். சீப்புக் கதவில் புத்தகமே கிடையாது. இருபத்து மூன்று நாள் கேட்டார். நான் எண்ணினேன்.

மேனேஜர் இறந்துவிட்டார். அதிகாரியும் குமாஸ்தாவும் இறந்துவிட்டார்கள். கேட் காவலர், வாத்தியார், கழுவப் போன மற்ற ஆறு பேர், ஒருவரும் இல்லை.

இதுவரை எழுதியதை எழுத்தர் எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார். நான் சொன்னபடி இருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை.

படித்துக் காட்டிய பிறகு கூடுதலாகச் சொன்னது: காலையில் நான் உள்ளே வரும்போது வெளிப் பெஞ்சில் ஒரு அம்மா துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். மகளுக்குத் துணையாக வந்தவர் என்று நினைத்து அவரை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. என்னை அடையாளம் தெரியாமல், "ஐயா, எந்தக் கதவுல கேக்கணும்?" என்றார். இந்த விசாரணை அறைக் கதவைக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன். என்னைத் தவிர உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான், அந்தத் தொழிலாளியின் மனைவி.

(இடது பெருவிரல் ரேகை)