சிவப்பு மையை மறைக்காத டீச்சரம்மாவுக்கு

கடைசி பெஞ்சின் காவலரே! காத்திருக்கக் கற்றுக்கொண்டவரே! கண்ட குறையைக் கைக்குள் மூடாத குணக்குன்றே! முப்பத்து மூன்று ஆண்டுகள் மூன்றாம் வகுப்பின் முகமாகவும் மூச்சாகவும் விளங்கி, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் டீச்சரம்மா அவர்களே! வணக்கம்.

இந்த மூன்று விளிகளும் சலித்து எடுத்தவை. தமிழய்யா எழுதிக் கொடுத்தது மொத்தம் இருபத்தொன்று. 'சொக்கத் தங்கமே' என்பதை உரசிப் பார்க்காமல் எழுத முடியாது என்று அடித்தாயிற்று. 'ஞானக்கடலே' என்பதையும் அடித்தாயிற்று. போன வாரம்கூட மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் முழுக்கத் தேடினீர்கள்.

"விழான்னா கொஞ்சம் அப்படி இப்படித்தான்யா இருக்கும். யாரு கேக்கப் போறா?" என்று தமிழய்யா கெஞ்சினார்.

"ஃபிரேம் போட்டு மாட்டுற காகிதம் சார் இது. பொய்யை ஆணி அடிச்சு வேற மாட்டணுமா?" என்றார் காவலாளி.

காவலாளி மடல் எழுதினால்தான் விழாவுக்கு வருவேன் என்று நிபந்தனை போட்டது நீங்கள். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத மனிதர் அவர். ஆகையால் இதில் பெரிய சொல் எங்காவது தட்டுப்பட்டால் அது தமிழய்யாவுடையது. மற்றதெல்லாம் கேட்டில் உட்கார்ந்திருப்பவருடையது. மடலில் 'நான்' என்று வரக்கூடாதாம், அதுதான் வழக்கமாம். அதனால் காவலாளியைக் காவலாளி என்றே எழுதியிருக்கிறோம்.

காவல் என்கிற பட்டத்தை இன்னொருவருக்குக் கொடுக்க அவருக்கு லேசில் மனசு வரவில்லை. உங்களுக்கு ஏன் கொடுத்தார் என்பதை வந்திருப்பவர்கள் கேட்க வேண்டும்.

எங்கள் காவலாளி யாரையும் நம்பாதவர். பூட்டைப் பூட்டி, நாலடி போய், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவர். புதிதாக வந்த தலைமையாசிரியரையே கேட்டுக்கு வெளியே கால் மணி நேரம் நிறுத்தி வைத்தவர். வருடா வருடம் பிள்ளைகளின் பழைய நோட்டுகளை எடைக்கு எடுக்க ஒருவர் வருவார். ஒரு வருடம் காவலாளி ஆய்வகத்திலிருந்து ஐந்து கிலோ எடைக்கல்லை மடியில் ஒளித்துக்கொண்டு வந்து, அந்த ஆளின் தராசில் வைத்துப் பார்த்தார். நாலு கிலோ காட்டியது. அன்றோடு நோட்டு போடுவது நின்றது. வேறு ஆள் வந்தார். அவர் தராசும் காவலாளிக்குப் பிடிக்கவில்லை. மாடிப்படிக்கு அடியில் இருந்த அறையில், கால் உடைந்த முக்காலிகளுக்கும் தாங்கி இல்லாத பூமி உருண்டைக்கும் நடுவில், நாலு வருட நோட்டுகள் சணல் கட்டிக் கூரை வரை ஏறின. "எலி வரும்யா!" என்று தலைமையாசிரியர் கத்தினார். "எலி திருடாது சார், திங்கத்தான் செய்யும்" என்று பதில் வந்தது.

நாலு வருடத்துக்கு முன்னால் நடந்தது இது. வாயால் கேட்டால் மடமடவென்று பதில் சொல்லி, எழுதச் சொன்னால் எழுத்து பிடிபடாமல் திணறும் பிள்ளைகள் நம் பள்ளியிலும் இருந்தார்கள். டிஸ்லெக்சியா என்று அதற்குப் பெயர் சொல்கிறார்கள். அவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஆசிரியர்களுக்கே பயிற்சி தர ஒரு நிதியம் மானியம் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு, நீங்கள் விண்ணப்பம் போட்டீர்கள். 'தேவைக்குச் சான்று இல்லை' என்று திரும்பி வந்தது. மறுபடி போட்டீர்கள், மறுபடி வந்தது. மூன்றாவது தடவை, கடைசி வாய்ப்பாக, ஒரு கடிதம் அனுப்பினார்கள். குறைந்தது பத்துப் பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் மூன்று வருட நோட்டு, வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள். கடிதம் கைக்கு வந்தது புதன்கிழமை.

அந்தச் சமயத்தில் காவலாளி வீட்டிலும் சோறு இறங்காத நிலைமை. அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி இந்தப் பள்ளியில்தான் படித்தாள். வாய் மூடாததால் எல்லோரும் 'ரேடியோ' என்று கூப்பிடுகிற பிள்ளை. நாலாம் வகுப்பில் இரண்டாவது வருடம் உட்கார்ந்திருந்தாள். "இந்த வருஷமும் தேறலைன்னா வேற இடம் பாத்துக்குங்க" என்று அவள் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்கள்.

அந்த வேளை பார்த்து நீங்கள் கேட்டுக்கு வந்து நின்றீர்கள்.

"அண்ணே, படிக்கட்டு ரூம் சாவி வேணும். எழுத வராத பிள்ளைங்க நோட்டை எடுக்கணும்."

"எடுத்து?"

"லிஸ்ட் போட்டு அனுப்பணும்."

"லிஸ்ட் போட்டாச்சுன்னா அப்புறம் வெளிய அனுப்புறது சுலபம். இல்ல?"

"அய்யோ, அதுக்கில்லண்ணே! டீச்சர்களுக்குப் பயிற்சி குடுக்க."

"முப்பது வருஷமா நீங்கதான் சொல்லிக்குடுக்கறீங்க. உங்களுக்கே ஒருத்தன் வந்து சொல்லிக்குடுக்கணுமா? மானியம் வரும், பலகாரம் திம்பீங்க, போட்டோ எடுப்பீங்க, கலைஞ்சு போவீங்க. போங்கம்மா, வேலையைப் பாருங்க."

வேறு யாராக இருந்தாலும் தலைமையாசிரியரிடம் போயிருப்பார்கள். நீங்கள் போகவில்லை. "சரி, என்னை உள்ள விட்டு வெளிய பூட்டிக்குங்க. உங்களைக் கேக்காம ஒரு தாள்கூட வெளிய வராது" என்றீர்கள். காவலாளி அதையும் நம்பவில்லை. உங்களோடு தானும் உள்ளே வந்து, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டு, முக்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

புதன் மதியமும் வியாழன் முழுதும் தூசியில் தும்மித் தும்மிக் கட்டு அவிழ்த்தீர்கள். முதல் கட்டை நீங்களே இழுத்தீர்கள். இரண்டாவது கட்டை அவர் காலால் நகர்த்திவிட்டார். மூன்றாவதிலிருந்து, எந்தச் சணல் எந்த வகுப்பு என்று அவருக்குத்தான் தெரியும் என்பதால், அவரே எடுத்துக் கொடுத்தார். பத்துப் பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். பதினோராவதாக ஒரு நோட்டு உங்கள் கைக்கு வந்தது. மூன்றாம் வகுப்பு, ரேடியோவின் நோட்டு.

பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. 'கவனம் இல்லை.' 'சோம்பேறித்தனம்.' கடைசிப் பக்கத்தில், 'வாய் மட்டும் இருக்கிறது.'

காவலாளிக்கு அந்தக் கையெழுத்து யாருடையது என்று தெரியும், இருந்தாலும் கேட்டார்.

"யாரு எழுதினது இது?"

"நான்தான்."

இரண்டாம் வகுப்பு நோட்டையும் நாலாம் வகுப்பு நோட்டையும் தேடி எடுத்துத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தீர்கள். மூன்றிலும் அதே எழுத்துகள் அதே மாதிரி புரண்டு கிடந்தன. கொம்பை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று தெரியாமல் பிள்ளை இரண்டு பக்கமும் போட்டு வைத்திருந்தாள். அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகியிருந்தது.

"பாருங்கண்ணே, மூணு வருஷமா ஒரே படியில வழுக்கி விழுந்திருக்கா. நான் விழுந்தவளைத் திட்டியிருக்கேன். படி வழுக்குதான்னு ஒரு நாள் குனிஞ்சு பாக்கல" என்றீர்கள்.

"பத்துப் பிள்ளை போதுமில்ல? இதை விட்டுடுங்க டீச்சரம்மா. இல்லைன்னா அந்தப் பக்கத்தையாவது கிழிச்சுடுங்க" என்றார் காவலாளி.

"இதுதான் மேல இருக்கணும். பயிற்சி இல்லாத டீச்சர் என்ன பண்ணுவாங்கன்னு விண்ணப்பத்துல ரெண்டு தடவை கேட்டாங்க. ரெண்டு தடவையும் பக்கம் பக்கமா அலங்காரமா எழுதினேன். இதை எழுதல."

சிவப்பு மைப் பக்கம் வெளியே தெரியும்படி மடித்து, கட்டின் மேலே வைத்து, நீங்களே சணல் இறுக்கினீர்கள். அன்று சாயங்காலம் காவலாளி அந்த அறையைப் பூட்டிவிட்டு, இழுத்துப் பார்க்காமல் வீட்டுக்குப் போனார். பாதி வழியில் ஞாபகம் வந்து, திரும்பி வந்து இழுத்துப் பார்த்தார். நம்பிக்கை வந்தது உங்கள் மேல்தான்; பூட்டின் மேல் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை கட்டைத் தோளில் சுமந்து நிதிய அலுவலகத்துக்குப் போனதும் அவர்தான். "அங்க வச்சுட்டுப் போங்க பெரியவரே" என்று சொன்ன குமாஸ்தாவிடம், "அங்க வச்சா எங்க போகும்? எண்ணிப் பாத்து, வாங்கினேன்னு எழுதிக் குடுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குமாஸ்தா முதல் நோட்டைப் பார்த்தார். எண்ணுவதை நிறுத்தினார்.

"இது யாரு எழுதினது?"

"எங்க டீச்சரம்மா."

"அவங்களுக்குத் தெரியாம கொண்டுவந்துட்டீங்களா?"

"அவங்கதான் மேல வச்சுக் கட்டினாங்க."

குமாஸ்தா எழுந்து நோட்டோடு உள்ளே போனார். ஒரு மாதத்தில் மானியம் வந்தது.

பன்னிரண்டு ஆசிரியர்கள், இரண்டு ஆண்டு, சனிக்கிழமைதோறும் நூலக அறையில் பயிற்சி. மானியம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கக் காவலாளி ஜன்னலோரம் நின்றார். பலகாரம் இல்லை; ஆளுக்கு இரண்டு பிஸ்கட். முதல் நாள் பயிற்சியாளர் அம்மா, கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி அச்சடித்த ஒரு பக்கத்தைக் கொடுத்து, ஒரு நிமிடத்தில் வாசிக்கச் சொன்னார். உடற்கல்வி சார் நாலாவது சொல்லில் வேர்த்து நின்றார். "சோம்பேறி!" என்றார் அந்த அம்மா. ஜன்னலில் நின்றவர் வாய்விட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து அவருக்கும் உள்ளே ஒரு நாற்காலி போட்டீர்கள்.

அருமை டீச்சரம்மா! அதட்டி வாங்கிய பதிலை அமைதியால் வாங்கினீர்கள். அடித்துத் திருத்திய எழுத்தை அருகே அமர்ந்து அவிழ்த்துக் காட்டினீர்கள். பிள்ளை வாசிக்கையில் திணறினால் எடுத்துக்கொடுக்காமல் மனசுக்குள் பத்து எண்ணிக் காத்திருக்க வேண்டும் என்ற விதியை, ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டினீர்கள். ஒரு வரி மட்டும் தெரியும்படி நடுவில் கீறி வெட்டிய அட்டைகள் வேண்டும் என்றீர்கள். காவலாளி முன்னூறு அட்டைகள் வெட்டினார், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அளந்து. வாயால் சொல்லித் தேர்வு எழுத வழி செய்தீர்கள். ரேடியோவுக்கு வேறு இடம் பார்க்கச் சொன்ன பேச்சு, அந்த வருடக் கடைசியில் தானாகவே அடங்கியது.

இப்போது அவள் எட்டாம் வகுப்பு. இந்த மடலை ஆரம்பத்திலிருந்து உங்கள் முன்னால் நின்று, கையில் அந்த அட்டையோடு வாசித்துக்கொண்டிருப்பவள் அவள்தான்.

ஒத்திகையில் 'குணக்குன்றே' வந்த இடத்தில் நின்றாள். தமிழய்யா வாயைத் திறந்தார், காவலாளி முறைத்தார், தமிழய்யா வாயை மூடிப் பத்து எண்ணினார். ஏழிலேயே சொல் வந்துவிட்டது. "உனக்காகச் சின்னச் சின்ன வார்த்தையா மாத்திடவாம்மா?" என்று கேட்டதற்கு, "வேண்டாம் சார். எல்லாருக்கும் எழுதுற மாதிரி எழுதுங்க. நின்னா நிக்கிறேன், உங்களுக்கு என்ன அவசரம்?" என்றாள்.

நூறாண்டு வாழ்க என்று முடிக்கச் சொன்னார்கள். நூறு யார் கையிலும் இல்லை. முழங்கால் நோகாமல் படியேறுங்கள். கண்ணாடி தலையில் இருப்பது ஞாபகம் இருக்கட்டும். காலையில் மணியடிக்கும் நேரத்தில் கால் தானாக இந்தப் பக்கம் வந்தால், வெட்கப்படாமல் வாருங்கள். கேட்டில் காவலாளி அடையாள அட்டை கேட்க மாட்டார். வேறு யாருக்கும் இந்தச் சலுகை இல்லை.

என்றும் அன்புடன், தங்களோடு பணியாற்றிய ஆசிரியர்களும் அலுவலர்களும் ஊழியர்களும். முதல் கையெழுத்து காவலாளியுடையது. மூன்று முறை படித்துப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்.

கீழே இருக்கும் வரியை ரேடியோ தானே எழுதினாள். சிவப்பு மைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். யாரும் திருத்தவில்லை.

'கவனம் இருக்கிறது. தேர்ச்சி. டீச்சர் மேல் வகுப்புக்குப் போகலாம்.'