பத்து இருபது ஃபெரி

– வைப்பர நிறுத்து ஐலெர்ட். மழை விட்டு அஞ்சு நிமிஷமாச்சு.

– ஏழு நிமிஷம்.

– சரி, ஏழு. கண்ணாடி கீச்சுகீச்சுன்னு கத்துது. உனக்கே ஆகாத சத்தமாச்சே அது.

– கை சும்மா இருக்க மாட்டேங்குது, போர்ஹில்ட். இந்தா, நிறுத்திட்டேன். அந்தக் கவரக் குடு.

– குடுக்க மாட்டேன்.

– என்னைப் பத்தி எழுதினது எனக்குத் தெரியக் கூடாதா?

– பொண்டாட்டி எழுத வேண்டியத பொண்டாட்டி எழுதி, ஒட்டி, டாக்டரம்மா கையில நேராக் குடுக்கணும். அப்படித்தான் போட்டிருக்கு. சட்டம் பேசற ஆளு நீ. இதுல மட்டும் பின்வாசல் தேடறியே?

– எத்தனை கேள்வி?

– அம்பது. அத முந்தாநேத்தே நாலு தடவ கேட்டுட்ட.

– சரியாச் சொல்லணும்னா மூணு தடவ.

– ஆமாமா, மூணு. காப்பி ஊத்தட்டா? ஃபிளாஸ்குல இன்னும் சூடா இருக்கு.

– வேண்டாம். மணி ஒம்பது அம்பத்திரண்டு. பத்து மணிக்குத்தான் காப்பி.

– கேட்டது என் தப்புதான் மனுஷா. ஏன், இன்னிக்குப் பின்னாடி ஒரு வண்டியும் காணோமே? முதல் வரிசையில நாம மட்டும் தனியா நிக்கறோம்.

– நாம சீக்கிரம் வந்துட்டோம்.

– சீக்கிரம் வர்றதுதான் உன் பழக்கம். ஆனா வண்டி ஏத்திக்கிட்டுப் போற ஃபெரித்துறையில இப்படிக் காக்கா குருவி இல்லாம நான் பாத்ததில்ல.

– வருவாங்க. ... போர்ஹில்ட், அந்த டாக்டர் 'இல்ல'ன்னு சொல்லிட்டா?

– சொல்லட்டுமே.

– உனக்கு என்ன, சொல்லட்டும்பே. பதிமூணு மாசம் காத்திருந்து, இந்தத் தண்ணியத் தாண்டிப் போயி, ரெண்டு மணி நேரம் உக்காந்து பேசி, கடைசியில அந்தம்மா கண்ணாடியக் கழட்டிட்டு, 'உங்களுக்கு ஆட்டிசம் எல்லாம் இல்ல ஐயா, நீங்க சாதாரண ஆளு'ன்னு சொல்லுச்சுன்னா?

– சாதாரண ஆளுன்னு சொன்னா யாராவது அழுவாங்களா?

– அப்ப நான் என்னவா ஆவேன்னு யோசி. சாதாரண ஆளா இருந்துக்கிட்டே, பெத்த பொண்ணு கல்யாணத்துல எந்திரிச்சு வெளிய போனவன். கல் நெஞ்சுக்காரன். அதத்தான எழுதித் தருவாங்க?

– அப்படி யாரும் எழுதித் தர மாட்டாங்க.

– எழுத வேண்டாம், சுன்னிவாவுக்கு அது ஏற்கெனவே தெரியும்.

– அவ அப்படிச் சொல்லல.

– சொன்னா. 'முப்பது வருஷம் மலைக்குள்ள மின்நிலையத்துல டர்பைன் பக்கத்துல உக்காந்தீங்க. என் கல்யாணத்துல ஸ்பூன் சத்தம் தாங்கலையாப்பா?'ன்னு கேட்டா. எழுத்து மாறாமச் சொல்றேன்.

– அதுக்கு நீ பதில் சொல்லியிருக்கணும்.

– என்னன்னு? டர்பைன் ஒரே மாதிரி சத்தம். காலையில எப்படியோ சாயங்காலமும் அப்படித்தான். அது யாரையும் எதையும் செய்யச் சொல்லாது. அங்க தொண்ணூறு பேரு. ஒருத்தன் ஸ்பூன எடுத்துக் கிளாசுல தட்டறான், உடனே தொண்ணூறு பேரும் தட்டறாங்க, மாப்பிள்ளையும் பொண்ணும் நாற்காலி மேல ஏறி முத்தம் குடுக்கறாங்க. ஏறி இறங்கி உக்காந்தவுடனே இன்னொருத்தன். அப்புறம் காலால தரையத் தட்டறாங்க, அதுக்கு அவங்க ரெண்டு பேரும் மேசைக்கு அடியில போய் முத்தம் குடுக்கணும். எப்ப வரும்னே தெரியாது. அடுத்தது எப்பன்னு தெரிஞ்சிருந்தாக்கூட நான் இருந்திருப்பேன்.

– அப்ப நம்ம கல்யாணத்துல மட்டும் எப்படி உக்காந்திருந்த?

– உங்கப்பா கிட்ட முன்னாடியே சொல்லி எல்லா மேசையிலயும் ஸ்பூன எடுக்க வச்சேன்.

– அட! சூப்ப எல்லாரும் ரொட்டியில தொட்டுத் தின்னாங்களே, அது உன் வேலையா? எங்கம்மா சாகற வரைக்கும் அந்தச் சமையல்காரியத் திட்டிக்கிட்டே இருந்தாங்க!

– நீ கேட்டதில்ல.

– முப்பத்தோரு வருஷமா! சிரிக்காத, ஐலெர்ட். உன் பங்குக்கு நீயும் சிரிக்கற பாரு.

– சிரிக்கல. வாய் தானா இழுக்குது.

– அதுக்குப் பேருதான் சிரிப்பு.

– விருந்து நடத்தினவன் மூணு தடவ என் பேரச் சொல்லிக் கூப்பிட்டானாம். 'இப்போது மணமகளின் தந்தை பேசுவார்.' நான் இங்கதான் உக்காந்திருந்தேன், இதே வண்டியில, கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு. பேசறதுக்கு எழுதின நாலு பக்கம் கையில இருந்துச்சு. அவ வெள்ளை உடுப்போட சரளைக் கல்லுல நடந்து வந்து கண்ணாடியத் தட்டினா. நான் இறக்கல.

– தெரியும்.

– ஏன் இறக்கலன்னு தெரியுமா? அதுவும் ஒரு தட்டற சத்தம். அவ்வளவுதான். அவ தட்டறாங்கறது எனக்கு அப்புறந்தான் வந்து சேந்துச்சு. அதுக்குள்ள அவ திரும்பிப் போயிட்டா.

– இத அவகிட்டச் சொல்லு. இதே வார்த்தையில சொல்லு. டாக்டர் எதுக்கு?

– காகிதம் இல்லாமச் சொன்னா அது சாக்கு. காகிதம் இருந்தாத்தான் காரணம்.

– பெத்த பொண்ணுக்குக் காகிதமா காட்டுவாங்க?

– எனக்கு மாப்பிள்ளையப் பிடிக்காமத்தான் நான் போனேன்னு அவளுக்கு நெனப்பு. வேகார்ட் நல்ல பையன். அவன்கூட அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருப்பான். ரெண்டு கிறிஸ்துமஸ் போச்சு. போன்ல 'நல்லா இருக்கீங்களாப்பா, அம்மா இருக்காங்களா'. பதினோரு வார்த்தைக்கு மேல பேசினதில்ல.

– எண்ணினியா?

– எண்ணாம எப்படி இருக்கறது?

– ஐலெர்ட்... அந்தப் பல் டாக்டர் வீட்டுப் பத்திரிகை ஞாபகம் இருக்கா?

– இருக்கு.

– காத்திருக்கற இடத்துல இருந்த பத்திரிகையில இந்த ஆட்டிசம் பத்தி வந்த பக்கத்தக் கிழிச்சு எடுத்துட்டு வந்து, மறுநாளே அதே பத்திரிகையக் கடையில வாங்கி அங்க கொண்டுபோய் வச்சுட்டு வந்தியே.

– கிழிச்சா வைக்கத்தான வேணும்?

– அந்தப் பக்கம் உன் ரொட்டி டப்பாவுல அடியில மடிச்சுக் கெடந்துச்சு. மூணு வாரம் தினமும் டப்பாவக் கழுவி, அதத் திரும்ப மடிச்சு வச்சது யாருன்னு நெனச்ச?

– நீ படிச்சியா?

– முதல் நாளே. படிச்சுட்டு சமையலறையில உக்காந்துட்டேன். எங்க அக்கா வீட்டுல வருஷா வருஷம் எல்லாரும் கூடறப்ப நீ மாடியில போயி கோட்டுங்க கெடக்கற ரூம்ல உக்காந்துக்குவியே. என் ஆளுங்க மேல கோவம்னு எத்தனை வருஷம் உன்கூடப் பேசாம வீட்டுக்கு வந்திருக்கேன்!

– கோவம்னா சொல்லியிருப்பேனே.

– தெரியும். இப்பத் தெரியும். அம்பது வயசுக்கு மேலதான் தெரியணும்னு இருக்கு.

– பத்து மணி. காப்பி குடு.

– இந்தா. மெதுவா... ஐயோ, கால்சட்டையில ஊத்திக்கிட்டியா? வண்டியோட முன்னாடி டப்பாவத் திற, துடைக்கக் காகிதம் இருக்கும்.

– இருக்கு. ... போர்ஹில்ட்.

– என்ன?

– இங்க நாலு பக்கம் இருந்துச்சு. வண்டிப் புத்தகத்துக்கு அடியில.

– என்ன பக்கம்?

– அன்னிக்குப் பேச எழுதினது. அது இங்கதான் இருந்துச்சு. எப்பவும் இங்கதான் இருக்கும்.

– வீட்டுல எங்கயாவது இருக்கும். போய்த் தேடலாம்.

– வீட்டுல இருக்காது. நான் எடுக்கல. எடுக்காத பொருளு எப்படி வீட்டுக்குப் போகும்?

– போனாப் போகுது, உனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே.

– மனப்பாடந்தான். 'சுன்னிவா, எனக்கு நெறைய பேர் இருக்கற இடம் பிடிக்காது. நீ இருக்கற இடம் பிடிக்கும். இன்னிக்கு ரெண்டும் ஒரே இடமா இருக்கு.' அதுதான் முதல் வரி. அதுக்காகக் காகிதம் காணாமப் போகலாமா?

– கால்சட்டையத் துடை முதல்ல. டாக்டர் முன்னாடி கறையோடயா போவ?

– நாம வீட்டுக்குப் போயிடலாமா?

– என்னது?

– இன்னிக்கு வியாழக்கிழமை. வியாழக்கிழமை ஒரு மணிக்கு மீன் வடை. ஊருக்குள்ள போயிட்டா அது நடக்காது.

– மீன் வடையக் காரணம் காட்டி ஒருத்தன் டாக்டர்கிட்டப் போகாம இருந்தான்னா, அத அந்தம்மா கேள்வித்தாள்லயே சேத்துக்குவாங்க. அம்பத்தோராவது கேள்வி.

– நீ எல்லாத்துக்கும் வேடிக்கை பேசு. இந்த நாட்டுல பஸ்ஸுல பக்கத்துல ஆளு வந்து உக்காந்தா எந்திரிச்சு நின்னுக்கறவன் எத்தனை பேரு? பாதி நார்வேக்காரனுக்கு இது இருக்கும். நான் மட்டும் எதுக்குப் போகணும்?

– அந்தப் பாதிப் பேருக்கும் சின்ன வயசுல போன் வந்துச்சா?

– என்ன போன்?

– மறைக்காத. உங்கம்மா எங்கிட்டச் சொல்லிச் சொல்லிப் பூரிப்பாங்களே. ஆறு வயசுல ஃபெரி நேரமெல்லாம் உனக்குத் தலைகீழ்ப் பாடம். கோடைக்கு ஒண்ணு, குளிருக்கு ஒண்ணு, ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணு. ஊருல யாருக்கு ஃபெரி எப்பன்னு தெரியணும்னாலும் உங்க வீட்டுக்குத்தான் போன் பண்ணுவாங்களாம். 'சின்னவன் கிட்டக் குடுங்க'ன்னு.

– அதையும் எழுதினியா?

– ஒரு பக்கம் பூராவும் எழுதினேன்.

– ... யாரோ வர்றாங்க.

– ஓத்வாரு. உன்கூடப் படிச்சவருதான? ஃபெரியில கயிறு கட்டறவரு. ஜன்னல இறக்கு, தட்டறதுக்குள்ள.

– என்னடா ஐலெர்ட், சுற்றுலாவா? ரெண்டு பேரும் இங்க உக்காந்து கடல வேடிக்கை பாக்கறீங்க?

– ஃபெரிக்கு நிக்கறோம் ஓத்வாரு.

– எந்த ஃபெரிக்கு?

– பத்து இருபதுக்குங்க. அவருக்குப் பதினொன்றரைக்கு அக்கரையில ஒரு வேலை.

– பத்து இருபதா? வியாழக்கிழமை பத்து இருபது ஏதும்மா? நேரத்துக்குப் பக்கத்துல நட்சத்திரம் போட்டிருக்கும் பாருங்க, 'வியாழன் கிடையாது'ன்னு. இன்னிக்கு எஞ்சினுக்கு எண்ணெய் போடற நாளு. அடுத்தது பதினொன்னு நாப்பதுதான். ஏண்டா, நீயா மறந்த? எங்கப்பாவே ஒரு காலத்துல உனக்குப் போன் பண்ணித்தான ஃபெரி நேரம் கேட்டாரு! சரி சரி, மூஞ்சியத் தொங்கப்போடாத. வயசாச்சுல்ல. எனக்குக்கூட நேத்து பல்செட்டு எங்க வச்சேன்னு தெரியல, வாயில இருந்துச்சு. உக்காந்திருங்க, முதல் ஆளா ஏத்திவிடறேன்.

– ரொம்ப நன்றிங்க ஓத்வாரு. ... அவரு போயிட்டாரு, ஜன்னல ஏத்து, குளுருது.

– போர்ஹில்ட்.

– சொல்லு.

– நான் மறக்கல.

– ம்.

– நட்சத்திரம் ஏப்ரல்ல இருந்தே இருக்கு. எனக்குத் தெரியும். ஒம்பது மணி ஃபெரிக்கு வந்திருக்கணும். நேத்து நீ கேட்டப்ப 'பத்து இருபது'ன்னு சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன். பொய்.

– ம்.

– ஃபெரி விட்டுப்போச்சுன்னா டாக்டர் 'இல்ல'ன்னு சொல்ல முடியாது பாரு. மறுபடி வரிசையில சேத்து ஒரு வருஷம் ஆக்குவாங்க. ஒரு வருஷத்துக்கு நான் கல் நெஞ்சுக்காரன்னு நிச்சயமா யாருக்கும் தெரியாது. ... ஏன் நீ கத்த மாட்டேங்கற?

– முப்பத்தெட்டாவது கேள்வி என்ன தெரியுமா? 'பொய் சொல்ல வருமா?'

– நீ என்ன எழுதின?

– 'வராது'ன்னு எழுதினேன்.

– அப்ப மாத்து. கவரப் பிரி. தப்பா ஒரு பதில் இருந்தா எல்லாமே தப்பாயிடும். பேனா இந்தா.

– மாத்த வேண்டாம். கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான். உன் புளுகு பொறக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

– எப்படி?

– திங்கக்கிழமை சாயங்காலம் கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஃபெரி நேரத்தாள எடுத்து வச்சுப் படிச்ச. ஆறு வயசுல இருந்து மனப்பாடமா இருக்கறத ஒருத்தன் எதுக்கு எடுத்துப் படிக்கறான்? உன் விரலு போயி அந்த நட்சத்திரத்து மேலயே நின்னுச்சு. நான் செவ்வாக்கிழமை டாக்டர் ஆபீசுக்குப் போன் பண்ணிட்டேன். நம்ம நேரம் பதினொன்றரை இல்ல, ரெண்டு மணி.

– ரெண்டு மணியா! நீயும் எங்கிட்ட மறைச்சியா?

– முப்பத்தோரு வருஷத்துல எனக்கும் ஒண்ணு இருக்கட்டுமே.

– ஆனா... கணக்கு இடிக்குதே. பதினொன்னு நாப்பது ஃபெரி பன்னெண்டே காலுக்கு அக்கரை போயிடும். அங்கிருந்து இருபது நிமிஷம். பன்னெண்டு முப்பத்தஞ்சுக்கே டாக்டர் வாசல்ல நிப்போம். ஒரு மணிக்கே வாங்கியிருக்கலாமே? எதுக்கு ரெண்டு மணி?

– அக்கரையில சுன்னிவாவுக்குப் பள்ளிக்கூட வேலை ஒரு மணிக்குத்தான் முடியும். அந்த நாலு பக்கத்தையும் ஞாயித்துக்கிழமையே நான் அவகிட்டக் குடுத்துட்டேன். 'நான் வர்ற வரைக்கும் அப்பாவ உள்ள விடாதீங்க'ன்னு சொல்லியிருக்கா.